மூலம் பார்த்த வாத்தியார்

ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் புதிதாக ஒரு படிப்பைக் கொடுப்பதும் குரங்கு கையில் பூமாலையைக் கொடுப்பதும் ஒன்றுதான். என்னைக் கேட்டால் குரங்கு தேவலை. மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு அது பாட்டுக்கு மரத்துக்குப் போய்விடும். வாத்தியாரோ, பிய்த்த பூக்களை வரிசையாக அடுக்கி, எது எந்தச் செடியில் பூத்தது என்று மைக் பிடித்து விளக்கம் சொல்வார்.

நான் சொன்னேன். சாமியானாவுக்குக் கீழே ஊரே பசியோடு உட்கார்ந்திருக்க, பிரியாணி அண்டாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னேன். இப்போது எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் மாத்திரைக்கு அடங்கி நடக்கின்றன. அந்த ஒரு மத்தியானம் மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்காமல் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக மாடியில் தோட்டம் போடுவார்கள், அல்லது பேரப்பிள்ளைகளின் பள்ளி வேனுக்காகத் தெருமுனையில் நிற்பார்கள். நான் மதுரையில் ஓர் இறையியல் கல்லூரியில் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கும் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். பரம்பரையாகக் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். வேதத்தைப் படித்திருக்கிறோமே தவிர, படிப்பது எப்படி என்று படித்ததில்லை. அந்தக் குறை தீரட்டும் என்று நினைத்தேன். (தீர்ந்தது. கூடவே மானமும் தீர்ந்தது.)

அந்தப் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் என் முட்டாள்தனத்தின் முழு அளவு உங்களுக்குப் புரியாது. சுவிசேஷங்களில் ஒரே சம்பவம் இரண்டு மூன்று இடங்களில் வரும். ஒன்றில் ஒரு குருடன் பார்வை பெறுவான். இன்னொன்றில் இரண்டு குருடர்கள். ஒன்றில் அது ஊருக்குள் நுழையும்போது நடக்கும். இன்னொன்றில் ஊரை விட்டு வெளியே வரும்போது. ஆய்வாளர்கள் இவற்றைப் பத்தி பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார்கள். யார் முதலில் எழுதினார், யார் யாரைப் பார்த்து எழுதினார், எதைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று துருவுகிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு வைத்திருந்த பெயர் ‘மூல ஆய்வு’.

அந்தப் பெயரை வைத்தவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் என் மனைவி லில்லி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“ஏங்க, மாசாமாசம் மதுரைக்கு ஓடுறீகளே, அங்கன என்னதான் நடக்கு?”

“மூல ஆய்வு.”

கையில் இருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எத்தனை நாளா இருக்கு?”

“என்னது?”

“மூலந்தான். இதுக்கு எதுக்கு மதுரை? கம்பத்துலயே பாக்காகள்ல.”

விளக்கினேன். மூலம் என்றால் ஆதாரம், ஊற்று, முதல் நூல் என்று அகராதியை எடுத்து விளக்கினேன். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நான் விளக்கி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் அந்த வீட்டம்மா ஒரு கட்டுத் துத்திக்கீரையைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார். பால்காரர் கருணைக்கிழங்கைப் புளி விட்டு வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார். மதுரை பஸ்ஸில் என் பழைய மாணவன் ஒருவன் ஜன்னலோரச் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்து, தன் துண்டை நான்காக மடித்துச் சீட்டின் மேல் போட்டான். “மெத்துன்னு இருக்கும் சார், உக்காருங்க” என்றான். சரித்திரத்தில் நாற்பதைத் தாண்டாத பயல். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த இரக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இத்தனைக்கும் நான் அசரவில்லை. படிப்பு பிடித்துவிட்டது. அதிலும் ஒரு விதி என்னை அப்படியே மயக்கிவிட்டது. நானே அதற்குச் ‘சங்கட விதி’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். சொல்கிறவருக்கே சங்கடம் தரும் விவரம் ஒரு கதையில் இருந்தால் அது பெரும்பாலும் உண்மை; தன்னைத் தானே தலைகுனிய வைக்கும் பொய்யை யாரும் மெனக்கெட்டுக் கட்டமாட்டார்கள். தலைமைச் சீஷனே பயந்துபோய்த் தன் குருவைத் தெரியாது என்று சாதித்தான் என்று சீஷர்கள் கூட்டமே சொல்லி வந்திருக்கிறதே, இதை இட்டுக்கட்டுவார்களா என்று பேராசிரியர் கேட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த விதியை எங்கே பொருத்தலாம் என்று அன்று முதல் கை துறுதுறுத்தது.

பொருத்திப் பார்க்க மாமனார் வீட்டில் ஒரு கதை இருந்தது.

என் மாமனார் குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அப்போது குடும்பம் மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் குடியிருந்தது. தினமும் காலையில் தோட்டத்து ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு அவருடையது. ஒரு மழைக்காலத்து நாளில் அவர் அந்த ஜீப்பில் ஏறவில்லை. மலைப்பாதையில் பாறை சரிந்து ஜீப்பின் மேல் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கைகால் முறிவோடு தப்பினார்கள். மாமனாரின் சீட்டு மட்டும் அப்பளமாகிவிட்டது.

இதற்கு நன்றி சொல்லி அந்தக் குடும்பம் வருஷா வருஷம் ஸ்தோத்திரக் கூட்டம் நடத்துகிறது. மாமனார் காலமான பிறகும் நிற்கவில்லை. சுருளிப்பட்டியில் செல்லத்துரை மச்சானின் திராட்சைத் தோட்டத்துக்கு முன்னால் சாமியானா போட்டு, பாஸ்டரை அழைத்து, உறவு, ஊர், சாதி, சமயம் பாராமல் எல்லோருக்கும் பிரியாணி. செல்லத்துரை மச்சான் என் மனைவியின் அண்ணன். அவருக்கும் மூத்தவர் ரூபி மதினி.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நர்ஸாக வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி வரை பார்த்துக்கொண்டார். பிறகு தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். அந்த வீட்டில் எல்லா விசேஷத்திலும் அவர் அடுப்படியில் இருப்பார். போட்டோக்களில் பாதி முகமாக, யாருடைய தோளுக்கோ பின்னால் இருப்பார். ஸ்தோத்திரக் கூட்டத்தன்று மட்டும் வெள்ளைப் புடவை கட்டி முன் வரிசையில் உட்காருவார். மைக் அவர் கைக்கு வரும். “அஞ்சு வயசு எனக்கு. அப்பா காலைக் கட்டிக்கிட்டுப் போகாதீகன்னு அழுதேன். என்னைய ஆத்தித் தேத்துனதுல ஜீப்பு போயிருச்சு. பிள்ளை அழுகையில ஆண்டவர் பேசுனாரு” என்று சாட்சி சொல்வார். அவர் சொல்லி, பாஸ்டர் ஜெபித்து, அதற்குப் பிறகுதான் பிரியாணி தம் உடைப்பார்கள். அது சட்டம்.

இந்தச் சாட்சியில்தான் நான் கை வைத்தேன்.

முதலில் ஆதாரங்களைத் திரட்டினேன். திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து குனிந்து கவாத்து வெட்டிக்கொண்டிருந்த செல்லத்துரை மச்சானைக் கேட்டேன். “அப்பா முழங்கால் போட்டு ஜெபிச்சாரு மச்சான். போகாதேன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மூணு தடவ கேட்டுச்சு” என்றார். போன வருஷம் ஒரு தடவைதான் கேட்டிருந்தது. தவிர, சம்பவம் நடந்தபோது மச்சான் பிறக்கவே இல்லை. குறித்துக்கொண்டேன்.

அடுத்து மைதீன் ராவுத்தர் மாமாவிடம் போனேன். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம். அன்று அந்த ஜீப்பை ஓட்டியவர் அவர்தான். காலில் அடிபட்டு அன்று முதல் லேசாக விந்தி நடப்பவர். மாமனாருக்கு உயிர்ச் சிநேகிதர். அவர் இல்லாமல் ஸ்தோத்திரக் கூட்டம் நடந்ததில்லை. நேரில் கண்ட சாட்சி! (அன்று என் மனதில் விழுந்த ஆச்சரியக்குறியை அப்படியே இங்கே போட்டிருக்கிறேன்.)

“மாமா, அன்னைக்கு என்ன நடந்துச்சு? உள்ளது உள்ளபடி சொல்லுங்க.”

“இப்ப எதுக்கு மாப்ள அது?”

“ஆராய்ச்சிக்கு.”

கடைப் பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு ஜீப்பு பஞ்சராகி லேட்டு. வந்து நிறுத்தி ஆரன் அடிச்சேன். உங்க மாமனாரு வந்தாரு. ஜீப்புல ஒரு காலை வச்சாரு, எடுத்தாரு. வயித்தப் புடிச்சாரு. ‘மைதீனு, பலாப்பழம் வேலையக் காட்டிருச்சுப்பா, நீ போ, நான் பின்னால லாரியில வாரேன்’னாரு. சொல்லிட்டு வாய்க்காப் பக்கம் ஓடுனாரு பாருங்க, கணக்கப்பிள்ளைக்கு அம்புட்டு ஓட்டம் வருமான்னு நான் வாயப் பொளந்துட்டேன்.”

சங்கட விதி தன் முழு உருவத்தில் என் முன்னால் வந்து நின்றது.

“இத வெளிய சொல்லித் திரியாதீக மாப்ள. பெரிய மனுசன் பேரு” என்றார் ராவுத்தர் மாமா.

“சேச்சே, ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்” என்றேன்.

ரூபி மதினியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவர் சொல்வதைத்தான் வருஷா வருஷம் கேட்கிறோமே என்று இருந்துவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையின் ஞாபகம், பாசத்தில் பிற்பாடு முளைத்தது, என்று என் மனதுக்குள் அவருக்கு ஒரு சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட்டேன். நேரில் இருந்த இன்னொரு சாட்சி அவர் என்பது, சரித்திரம் படித்த, சரித்திரம் நடத்திய, சரித்திரத்தில் பயல்களை ஃபெயிலாக்கிய எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷக் கூட்டத்தில் ‘சிறப்புரை’ எனக்கு என்று மச்சானிடம் நானே கேட்டு வாங்கினேன். மூன்று பேர் கதையையும் மூன்று பத்திகளாக எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று கம்பத்தில் ஒரு கடையில் ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். நான் எழுதிக் கொடுத்தது தலைப்பும் மூன்று பத்திகளும் மட்டும். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கு அது வெறிச்சென்று தெரிந்திருக்கிறது. மேலே ‘மூல ஆய்வு’ என்று சிவப்பில் ஆள் உயர எழுத்து. ஒரு பக்கம் பறக்கும் புறா. இன்னொரு பக்கம், என் பணி ஓய்வு விழாவில் எடுத்த, கைகூப்பிய படம். கூட்டத்தன்று காலையில் மச்சான் ஆட்கள் அதைக் கொண்டுபோய்ச் சுருளிப்பட்டி ரோட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள்.

நான் போய் இறங்கும்போது ஓர் ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே ஒரு பெரியவர் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார்.

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். “டாக்டரய்யா, மூல முகாம் இங்கனதான? டோக்கன் எங்கிட்டுக் குடுக்காக?”

“இது அந்த மூலம் இல்லப்பா.”

“எந்த மூலமா இருந்தா என்னய்யா, பெரியவரு உக்கார முடியாம வந்துருக்காரு. ஒருக்காப் பாத்துருங்க.”

ஃபிளெக்ஸை அவிழ்த்து மேடைக்குப் பின்னால் கட்டவைப்பதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. அந்தப் பெரியவர், வந்ததுதான் வந்தோம் என்று, சாப்பிட்டுவிட்டுப் போக இருந்துவிட்டார். நாற்காலி வேண்டாம் என்று கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார்.

பாட்டு, ஆரம்ப ஜெபம் எல்லாம் முடிந்தது. மச்சான் மைக்கைப் பிடித்தார். “அடுத்து நம்ம வாத்தியார் மச்சான் மூலம் பத்திப் பேசுவாக. மதுரைக்கு மாசாமாசம் போயி வந்தவுக. அனுபவத்துல பேசுவாக” என்றார். சாமியானா குலுங்கியது. அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம்.

பேசினேன். முதல் பத்தியில் மச்சானின் கதையைப் பிரித்து மேய்ந்தேன். சம்பவத்தின்போது பிறக்காதவர் அவர் என்றதும் சிரிப்பு எழுந்தது. மச்சானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தண்ணி போட்டது போல ஏறியது. இரண்டாவது பத்திக்கு வந்தேன். பிள்ளை அழுத செய்தி மற்ற இரண்டு மூலங்களிலும் இல்லை என்றேன். ஆகவே அது பிற்காலச் சேர்க்கையாக இருக்க வேண்டும் என்றேன். மூன்றாவது பத்தியைக் குச்சியால் தொட்டு, நேரில் கண்ட சாட்சி இருக்கிறது என்று முன் வரிசையில் ராவுத்தர் மாமாவைக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். சங்கட விதியை விளக்கி, ஃபிளெக்ஸில் அச்சாகியிருந்த ‘வயிற்றுப்போக்கு’ என்ற சொல்லை வாத்தியார் குரலில், எழுத்துக்கு எழுத்து நிறுத்தி வாசித்தேன்.

சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். பாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரூபி மதினி எழுந்தார். “அப்ப நான் அழுவலையா தம்பி?”

கோபமாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். சந்தேகம் கேட்கிற மாணவியைப் போலக் கேட்டார். நானும் வாத்தியாராகவே பதில் சொன்னேன்.

“அழுதிருக்கலாம் மதினி. ஆனா அதுக்கு ஆதாரம் இல்ல.”

சாட்சி சொல்வதற்காக மச்சான் நீட்டிய மைக்கை மதினி வாங்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போனார். அடுப்படிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்த ஒரு மணி நேரத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மதினி சாட்சி சொல்லாமல் பாஸ்டர் ஜெபிக்க மாட்டார். ஜெபிக்காமல் தம் உடைக்க முடியாது. குழந்தைகள் அழத் தொடங்கின. பிரியாணி மாஸ்டர் கரண்டியோடு வந்து, “ஒடைக்கவா வேணாமா? கொழைஞ்சா என்னையக் கேக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்” என்று மேடைக்கே வந்து அறிவித்துவிட்டுப் போனார். மச்சான் மைக்கோடு அடுப்படிக் கதவுக்கு முன்னால் நின்றார்.

“ஏக்கா, வெளிய வாக்கா. இவுக கெடக்காக.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “எனக்குத்தான் ஆதாரம் இல்லையேடா. ஆதாரம் உள்ளவுக வந்து சாட்சி சொல்லட்டும். அந்தப் பலாப்பழத்தைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லு.”

லில்லி என்னிடம் வந்தாள். “போயிக் கால்ல விழுங்க.”

“கால்ல விழுறது நம்ம சபையில வழக்கம் இல்லையே.”

“அப்பிடியா? அங்கன எலையப் போட்டுட்டு உக்காந்துருக்காகளே, அவுககிட்டப் போயிச் சொல்லுங்க.”

போனேன். கதவுக்கு வெளியே நின்று, நான் சொன்னது ஒரு கருதுகோள்தான் என்று ஆரம்பித்தேன். லில்லி என் வாயைப் பொத்தி இழுத்து வந்தாள்.

கடைசியில் ராவுத்தர் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு விந்தி விந்தி வந்தார். போகிற போக்கில் என்னைப் பார்த்த பார்வையில் வைவதற்கு எதுவும் மிச்சமில்லை.

“ஆத்தா ரூபி. மைதீன் மாமா வந்துருக்கேன். ஒரே ஒரு கேள்வி. பதில் சொன்னாச் சொல்லு, இல்லாட்டி நான் பாட்டுக்குப் பசியோட கம்பத்துக்குப் போறேன்.”

கைத்தடியால் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவரே தொடர்ந்தார்.

“உங்கப்பாவுக்குப் பலாப்பழம் ஆகாது. தோட்டத்துல பழம் பழுத்துக் கெடக்கும், தொடமாட்டாரு. ஒரு சுளை தின்னா ஒரு நாள் படுக்கை. அந்த மனுசன் அன்னைக்கு மட்டும் ஏன் தின்னாரு? இத்தன வருசமா எனக்கு அது வெளங்கவே இல்லத்தா.”

கதவு திறந்தது. மதினியின் கண் சிவந்திருந்தது.

“நாந்தான் ஊட்டுனேன் மாமா.”

மச்சான் கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. அந்த வார்த்தை சாமியானா முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு மதினி சொன்னதெல்லாம் கேட்டது.

“முந்துன நாளு யாரோ பழம் குடுத்துருந்தாக. அப்பா கெளம்புனாரு, நான் காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். ‘சரி, ஒரு சுளை ஊட்டி விடு, தின்னுட்டுப் போறேன்’னாரு. ஊட்டுனேன். எந்திரிச்சாரு. மறுபடி அழுதேன். இன்னொண்ணு ஊட்டுனேன். ஜீப்பு வேற வரக் காணம். நான் அழுவ அழுவ அவரு தின்னுக்கிட்டே இருந்தாரு. தனக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் வயித்துக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? சபையில வச்சு அதச் சொல்ல முடியுமா? அப்பா மானம்னு பழத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தச் சொல்லிக்கிட்டு வந்தேன்.” என் பக்கம் திரும்பினார். “இவுக பழத்த வச்சுக்கிட்டு என்னைய விட்டுட்டாக.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது?

அப்போது பார்த்து மச்சான் கவலையோடு கேட்டார். “அப்ப ஜெபம் பண்ணது? அது இல்லையா?”

“ஏன் இல்ல?” என்றார் ராவுத்தர் மாமா. “வாய்க்காக் கரையில உக்காந்து ‘ஆண்டவரே, ஆண்டவரே’ன்னு கத்துனது ரோடு வரைக்கும் கேட்டுச்சே. அது ஜெபம் இல்லாம என்னவாம்?”

முதலில் சிரித்தவர் பாஸ்டர். பிறகு சாமியானாவே சிரித்தது. நின்றுகொண்டே இருந்த அந்த மூலக்காரப் பெரியவர் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டார். மதினியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மைக்கை வாங்கி, பழத்தைச் சேர்த்து, சாட்சியை முதலிலிருந்து சொன்னார். அவ்வளவு நல்ல சாட்சியை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. அவ்வளவு குழைந்த பிரியாணியையும் யாரும் தின்றதில்லை.

பந்தி முடிந்து மதினியிடம் போனேன். “தப்புப் பண்ணிட்டேன் மதினி. மன்னிச்சிருங்க.”

“அதுக்கு ஆதாரம் இருக்கா தம்பி?” என்றார். பிறகு தண்டனையும் சொன்னார். “இனிமே அந்த வாய்க்கா வசனத்த நான் சொல்லமாட்டேன். அது வரைக்கும் நான் வருவேன். அந்த எடத்துல நீங்க எந்திரிச்சு நின்னு சொல்லணும். அப்புறம் மிச்சத்த நான் பாத்துக்கிருவேன்.”

அடுத்த சனிக்கிழமை மதுரையில் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அந்தம்மாவை ஏன் விசாரிக்கல?”

எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“ஒரு கூட்டத்தார் ஒரு கதையை ஏன் விடாம சொல்றாங்க, அவங்களுக்கு அது எதுக்குத் தேவைப்படுது, அதைக் கேக்காம எந்த ஆய்வும் முடியாதுன்னு கடைசி வகுப்புல முழு நாளும் நடத்தினேனே.”

“அன்னைக்குப் பண்ணைப்புரத்துல ஒரு கல்யாணம் சார்.”

அவர் தன் டீயைக் குடித்து முடித்தார்.

அன்று முதல் இன்றுவரை, ஒவ்வொரு வருஷமும் சுருளிப்பட்டி சாமியானாவில், மதினி பலாச்சுளை வரை சொல்லி நிறுத்துகிறார். நான் எழுந்து நின்று, கைகட்டி, “அவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டு வாய்க்கால் பக்கம் போனார்” என்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். ஊரே ‘ஆமென்’ சொல்கிறது. போன ஸ்தோத்திரக் கூட்டத்தில் இருமல் வந்து சத்தம் குறைந்தபோது, “கேக்கல தம்பி, திருப்பிச் சொல்லுங்க” என்றார் மதினி. திருப்பிச் சொன்னேன். அந்த மைக் இன்னும் அவருடையதாகவே இருக்கிறது.

ராவுத்தர் மாமா இப்போது இல்லை. நேரில் கண்டவர்களில் மதினி மட்டும் மிச்சம். ஆனால் கதை யாருக்கும் காத்திருப்பதில்லை என்று அண்மையில்தான் தெரிந்துகொண்டேன். மச்சானின் பேத்தி தன் பள்ளித் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பந்தலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

“அந்தா நிக்காக பாரு, வாத்தியார் தாத்தா. அவுகளுக்கு மூலம். மதுரைக்கு மாசாமாசம் போயிப் பாத்தாக. ஒருநா சாமியானாவுல பேசிக்கிட்டு இருக்கையில பலாப்பழம் தின்னு வயித்தால போயிருச்சு. ஆண்டவரேன்னு கத்திக்கிட்டு வாய்க்காலுக்கு ஓடுனாக. அதுல ஒரு ஜீப்பே கவுந்துருச்சு.”

திருத்தலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். எந்தக் குடும்பமும் தன் தாத்தாவைப் பற்றி இப்படி ஒரு கதையை மெனக்கெட்டுக் கட்டாது. ஆகவே, நான் மதுரைக்கு மாதாமாதம் போய்க் கற்ற விதிப்படி, அது அப்படியேதான் நடந்திருக்க வேண்டும்.